மறு: லெங்த் ரிடென்ஷன் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா தன் மடலில் கேட்டிருந்தது:

> வளர்ந்தால் நீளும், நீண்டால் வளர்ந்திருக்கிறது என்று பொருள். 'முடி வளர்ச்சி' என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டுப் போகலாமே, லெங்த் ரிடென்ஷனுக்குத் தனிச்சொல் எதற்கு?

ஐயா, வில்லங்கமே அந்த ஒரே சொல்லில்தான் இருக்கிறது. நாம் தமிழாக்கும் கையேடு கறுப்பின அமெரிக்கப் பெண்களின் முடிப் பராமரிப்பைப் பற்றியது. அதில் பாதிப் பக்கங்கள் ஒரே ஒரு தப்பெண்ணத்தோடு மல்லுக்கட்டுகின்றன: 'கறுப்பினத்தவர் முடி வளராது, தோளைத் தாண்டாது'. வெளியார் மட்டும் சொல்வதில்லை, கேட்டுக் கேட்டு அந்தப் பெண்களில் பலரே நம்பிவிட்ட விஷயம் இது. வேரில் முடி முளைப்பது ஒன்று, முளைத்தது நுனிவரை உடையாமல் நிற்பது வேறொன்று. இந்த இரண்டாவதுதான் லெங்த் ரிடென்ஷன். இரண்டையும் 'வளர்ச்சி' என்றே எழுதினால் இந்தத் தப்பெண்ணத்தை மறுக்கும் வாக்கியத்தையே எழுத முடியாது. 'முடி வளர்கிறது, ஆனால் வளர்வதில்லை' என்று வந்து நிற்கும்.

வளர்கிறது என்பதற்குச் சான்று தேடி ஆய்வகத்துக்குப் போகவே வேண்டாம். ரிலாக்சர் போட்டு முடியை நேராக்கிக்கொள்ளும் பெண் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி சலூனுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வேரை ஒட்டிப் புதுச் சுருள் எழும்பி நிற்கிறது, பழைய நேர்முடியோடு அது ஒட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டே 'எனக்கு முடி வளர்வதே இல்லை' என்பவர்கள் உண்டு. அளவு கேட்டால், ஆப்பிரிக்க வழியினர் முடி நாளுக்குச் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் வளர்கிறது, ஐரோப்பியர் முடி 0.4 மில்லிமீட்டர் அளவில். மெதுவுதான், அதைக் கையேட்டில் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கால் மில்லிமீட்டரே ஆண்டுக்கு 9 சென்டிமீட்டர் ஆகிறது. நான்கு ஆண்டு உடையாமல் இருந்தால் 36 சென்டிமீட்டர், இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டிவிடும். அவ்வளவு நீளம் அங்கே இல்லை என்றால் வழியில் எங்கோ உடைந்திருக்கிறது.

ஏன் உடைகிறது என்பதும் சுருளிலேயே இருக்கிறது. முடி முளைக்கும் பையே வளைந்தது, முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டம். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம், அதோடு தலையில் சுரக்கும் எண்ணெய் அத்தனை வளைவும் இறங்கி நுனிக்கு வந்து சேர்வதில்லை. காய்ந்த முடியில் வேரிலிருந்து சீப்பைப் போட்டு இழுத்தால் என்ன ஆகும்? சீப்பில் வந்ததை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு முனையில் சின்ன வெண்குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து வேரிலிருந்து கழன்றது, நாளுக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் அப்படி விழும். குமிழ் இல்லாமல் குட்டிக் குட்டிச் சுருளாகக் கிடந்தால் அவை நடுவில் முறிந்தவை. நம் முதல் வரைவில் இரண்டுக்கும் 'முடி கொட்டுதல்' என்றே இருக்கிறது, அதை உதிர்வு, முறிவு என்று பிரித்தே ஆக வேண்டும். (பின்னலை ஆறு வாரம் கழித்து அவிழ்க்கும்போது கைநிறைய முடி வருவதைப் பார்த்துப் பதறுகிறார்களே, அதில் பெரும்பகுதி அத்தனை நாளும் விழ வழியில்லாமல் பின்னலுக்குள் சிக்கிக் கிடந்த உதிர்வுதான்.)

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். தம்பி தந்த 'நீளத் தக்கவைப்பு' பொருள் சரியானது, ஆனால் அரசாணை வாசிப்பது மாதிரி இருக்கிறது, பேச்சில் ஒருவர் வாயிலும் நுழையாது. 'நீளக் காப்பு' கீழே நான் சொல்லப்போகும் இன்னொரு சொல்லோடு மோதும். என் பரிந்துரை 'நீள இருப்பு'. கடைக் கணக்கில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதுகிறோம் அல்லவா, அதேதான். முளைப்பு வரவு, முறிவு செலவு, கையில் நிற்கிற நீளம் இருப்பு. 'இருப்பு' என்றால் சரக்கு நினைவு வருமே என்று தம்பி கேட்டிருந்தார். வரட்டுமே, சரக்கு இருப்பும் அப்படி மிஞ்சி நிற்பதுதானே.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். 'நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும்' என்ற தப்பெண்ணத்துக்கு: 'நுனி வெட்டுவதால் முளைப்பு அதிகரிக்காது. பிளந்த நுனியை எடுப்பதால் பிளவு மேலேறாது, அதனால் நீள இருப்பு காக்கப்படும்'. நிற்கிறது. அடுத்து செபே பொடி. சாட் நாட்டின் பசாரா பெண்கள் நீண்ட முடிக்குப் பேர்போனவர்கள், அவர்கள் பூசும் பொடி இன்று இணையக் கடைகளில் 'முடி வளர்க்கும் மருந்து' என்று விற்கப்படுகிறது. அவர்களோ அந்தப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தலைத்தோலை விட்டுவிட்டு முடியின் நீளத்தில் மட்டும் பூசிப் பின்னிவிடுகிறார்கள். வேரையே தொடாத பொடி முளைப்பை எப்படிக் கூட்டும்? அது முறிவைத்தான் குறைக்கிறது. 'செபே முளைப்புக்கு அல்ல, நீள இருப்புக்கு' என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஐயா சொல்வது போல ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டால் விற்பவன் சொல்வதைத்தான் நாமும் எழுதுவோம்.

தம்பியின் இன்னொரு கேள்வி:

> அக்கா, 4சி வகை முடிக்குப் 'பரட்டை முடி' என்று போடலாமா? 'சுருட்டை' போதவில்லையே.

வேண்டவே வேண்டாம் தம்பி. 4சி என்பது மிக நெருக்கமாகச் சுருண்ட முடிவகையின் பெயர். பரட்டை என்பது எண்ணெய் காணாமல், வாராமல் கிடக்கிற நிலை, முடியின் வகை அல்ல. அப்படிப் போட்டால் இவர்கள் காலமெல்லாம் கேட்டு நொந்த வசையை நாமும் ஒரு முறை சொன்னது ஆகும். முரட்டு முடி, எதையும் தாங்கும் என்ற நினைப்பும் அதனோடு சேர்ந்தே வரும், உண்மையில் எல்லா வகையிலும் எளிதில் முறிவது இதுதான். சுருட்டை போதாது என்பது சரி. பள்ளி இயற்பியலில் ஏற்கனவே இருக்கும் 'சுருள்வில்'லை எடுத்துச் 'சுருள்வில் முடி' என்கிறேன். ஓப்ரா வின்ஃப்ரியின் சிகை ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் கொண்டுவந்த, எண்ணிட்டு முடியை வகைப்படுத்தும் முறையை அப்படியே எண்ணாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது சுருளின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர எது வளரும் எது வளராது என்று சொல்லவில்லை என ஓர் அடிக்குறிப்பு அவசியம்.

ஷ்ரிங்கேஜுக்குச் 'சுருக்கம்' என்றால் முகச்சுருக்கத்தோடு குழம்பும், 'சுருளொடுக்கம்' எனலாம். ஈரத்தில் இழுத்தால் 30 சென்டிமீட்டர் வருகிற முடி காய்ந்ததும் 10 சென்டிமீட்டராக மேலேறி நிற்கும். 'வளரவில்லை' என்று பார்த்தவுடன் சொல்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பார்த்துச் சொல்கிறார்கள்.

மாய்ஸ்ச்சருக்கு வரைவில் 'எண்ணெய்ப் பசை' என்று இருப்பதை உடனே மாற்றுங்கள். ஈரம் என்றால் தண்ணீர்தான். எண்ணெய் அந்த ஈரத்தைப் பூட்டி வைக்கும், அதுவே ஈரம் ஆகாது. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனாலும் காய்ந்த முடியில் அதை வழித்தால் காய்ந்த முடி எண்ணெயோடு இருக்கும், அவ்வளவே. நாம் எண்ணெயே உணவு என்று வளர்ந்தவர்கள் என்பதால் தமிழில் இந்தத் தப்பு இரண்டு மடங்கு எளிதாக நுழையும். தலைத்தோலில் தினமும் கிரீஸ் தடவினால் பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்குத்தான் தீனி. கழுவாமல் விட்டால் வளரும் என்பதும் இதே ரகம், அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் கறுப்பின முடிக்கு வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ கழுவச் சொல்கிறது.

ப்ரொடெக்டிவ் ஸ்டைலுக்கு, அதாவது முடி உடையாமல் ஒதுக்கிக் கட்டும் சிகைக்கு, வந்த 'காப்புப் பின்னல்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னல் மட்டும் அதில் அடங்காது. 2019இல் கலிஃபோர்னியாவில் வந்த கிரௌன் சட்டம், பள்ளியிலும் வேலையிடத்திலும் முடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும்போது, பின்னல், சடைப்புரி, முறுக்கு எல்லாவற்றையும் இந்தப் பெயரில்தான் சேர்க்கிறது. அதனால் 'காப்புச் சிகை'. அதன் கீழேயே எச்சரிக்கையும் வர வேண்டும்: இறுக்கினால் அது காப்பு இல்லை. பின்னிய அன்றிரவு தலை வலிக்கிறது, நெற்றியோரம் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்புகிறது என்றால் அவிழ்த்துவிட வேண்டும். அந்த இழுப்பு தொடர்ந்தால் வருவது இழுவிசை வழுக்கை, ஆரம்பத்தில் விட்டால் முடி திரும்பும், வேர்ப்பை தழும்பாகிவிட்டால் திரும்பாது. இறுக்கிப் பின்னினால்தான் நீளும் என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு.

வீவுக்குப் புதுச்சொல் தேடாதீர்கள், சவுரி இருக்கிறது. திருமலையில் மொட்டை போட்ட முடி ஏலத்தில் போய் அமெரிக்கச் சலூன்வரை சேர்வதால் அது ஒரு வகையில் சொந்தச் சொல்தான்.

ரிலாக்சரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விடச் சொல்கிறேன். 'தளர்த்தி' என்று போட்டால் உள்ளே இருக்கும் எரிசோடா கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 'நோ லை' (எரிசோடா இல்லாதது) என்று எழுதியிருந்தால் சாது என்று நினைப்பதும் தப்பு, அதிலும் வேறொரு கடுங்காரம் முடியின் கந்தகப் பிணைப்பை உடைக்கத்தான் செய்கிறது.

எட்ஜஸ் என்ற சொல்லுக்கு மட்டும் எனக்குப் பிடித்தது எதுவும் அமையவில்லை. 'நெற்றியோர முடி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். 'பூனைமுடி' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், ஆனால் அது கன்னத்து முடியையும் குறிக்கும். உங்கள் ஊரில் வேறு ஏதாவது புழங்கினால் எழுதுங்கள், அப்புறம் சொற்பட்டியலை மூடிவிடலாம்.

அன்புடன்