நிலக்கரிக் காலக் காட்டை வரைய உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடு ஒன்றை, புதைபடிவங்களை மட்டும் வைத்து வரைந்துகொண்டிருக்கிறேன். பாதியிலேயே மாட்டிக்கொண்டேன்.

முதல் தலைவலி பெயர்கள். லெபிடோடெண்ட்ரான் என்றால் தண்டு, ஸ்டிக்மாரியா வேர், லெபிடோஸ்ட்ரோபஸ் கூம்பு. எல்லாம் ஒரே வகை மரத்தின் துண்டுகள்! தனித்தனியாகக் கிடைத்ததால் தனித்தனிப் பெயர். நான் முதலில் மூன்று செடிகளாக வரைந்து வைத்திருந்தேன், சிரிக்காதீர்கள். பட்டை சுலபம்தான், இலை உதிர்ந்த தழும்புகள் சாய்சதுரமாக, மீன்செதில் மாதிரி வரிசை கட்டி நிற்கும்.

சிக்கல் மரங்களின் நெருக்கத்தில். நின்ற நிலையிலேயே புதைந்த அடிமரங்கள் இருந்தால் எண்ணிவிடலாம். என்னிடம் இருப்பதோ சேற்றுப்பாறையில் படிந்த இலைகளின் படங்கள். நீரோரத்து மரங்களின் இலைகளே அதிகம் படியும், மேட்டு நிலத்துச் செடிகள் விடுபட்டுப்போகும். இதை எப்படி ஈடுகட்டுகிறார்கள்? ஸ்போர் (பூக்காத தாவரங்கள் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்துகள்), மகரந்தத் துகள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் போதுமா? இலை விளிம்பை வைத்து வெப்பநிலை கணிக்கும் முறை பூக்கும் தாவரங்களுக்குத்தான், அவை அப்போது இல்லாததால் இங்கே உதவாது.

தொல்தாவரவியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள். ஓவியத்தைக் கருத்துப் பகுதியில் போடுகிறேன்.