கேபியை நீங்கள் எப்போது மன்னித்தீர்கள்?

ஆளைத் தின்னும் ராட்சத டைட்டன்களைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடர் 'அட்டாக் ஆன் டைட்டன்'. அதன் இறுதி சீசனைக் கடைசி வரை பார்த்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். முடிவு உட்பட எல்லாமே இதில் வரும்.

பாளையங்கோட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒருவனுடைய நோட்டைத் திருத்துவதற்காக வாங்கிப் புரட்டினேன். கணக்குகளுக்கு நடுவே ஒரு பக்கம் முழுக்க, அந்தத் தொடரில் மார்லி நாட்டுப் படைக்குப் பயிற்சி எடுக்கும் சிறுமி கேபியின் படம். நல்ல கை அவனுக்கு. தோளுக்குக் கீழே கட்டிய பட்டை, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த துப்பாக்கி, எல்லாம் கச்சிதம். முகம் மட்டும் இல்லை. பேனாவால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியதில் தாள் கிழிந்து, அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக் கணக்கு தெரிந்தது.

“என்னடா இது?”

“சாஷாவக் கொன்னவ சார்.”

திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2021 பிப்ரவரி முதல் தேதி விடியற்காலையில், விளக்கைக்கூடப் போடாமல் போனில் அந்த எபிசோடைப் பார்த்தவன் நான். பறக்கும் கப்பலில் தொற்றி ஏறிய கேபி சுட்டாள், சாஷா விழுந்தாள். கதாநாயகன் எரனின் படைத் தோழி, முதல் சீசனில் அணிவகுப்பில் நின்றபடியே உருளைக்கிழங்கு தின்ற அதே சாஷா. அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'இறைச்சி' என்று அவள் தோழன் கானி வந்து சொல்கிறான். அன்று காலை ஒரு கிளிப்பின் கீழே போய், 'இந்தப் பெண் எப்போது சாவாள் என்று காத்திருக்கிறேன்' என்று எழுதினேன். கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவளுக்கு வயது பன்னிரண்டு, நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். இரண்டு நாள் கழித்து அந்த வரியை அழித்தேன்.

அதனால் அவனை வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்துப் பேசினேன். எரனின் படை மார்லியின் லிபேரியோவைத் தாக்கிய அந்த ஒரே இரவில் கேபி என்னென்ன பார்த்தாள் என்று வரிசையாகச் சொன்னேன். தோழி சோஃபியா இடிபாட்டில் நசுங்கியதை, தோழன் உடோ கூட்டத்தின் காலடியில் மிதிபட்டதை, தினமும் சிரித்துப் பேசிய வாயிற்காவலர்கள் கண்ணெதிரே சுடப்பட்டதை. அந்தக் காவலர்களைச் சுட்டது சாஷாதானே என்றும் கேட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் தெரியும் சார். ஆனா நாம சாஷாகூட மூணு சீசன் இருந்திருக்கோம்ல.”

இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் கணக்கில் நியாயம் என்பது யாரோடு எவ்வளவு நாள் பழகினோம் என்பதுதான். கதையை எழுதிய ஹஜிமே இசயாமா இறுதி சீசனை மார்லியில் ஆரம்பித்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். எரன் எங்கே, மிகாசா எங்கே என்று நாம் தவித்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளோடு நம்மைச் சில எபிசோடுகள் பழகவிட்டார். அது போதாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் அப்புறம் அந்த உணவக அறையைக் கொண்டுவந்தார். சாஷாவை நேசித்த சமையல்காரன் நிக்கோலோ கத்தியை நீட்டி, உங்கள் மகளைக் கொன்றவள் இவள்தான் என்கிறான். சாஷாவின் அப்பா கத்தியை வாங்குகிறார். அந்தச் சில நொடிகள் நான் மூச்சே விடவில்லை. அப்புறம் அவர் காட்டைப் பற்றிப் பேசுகிறார். மகளைக் காட்டைவிட்டு வெளியே அனுப்பினோம், ஆனால் உலகமே ஒரு பெரிய காடாக இருந்தது, பிள்ளைகளையாவது இதிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறார்.

எனக்குக் கேபி மேல் இருந்த கோபம் அந்த அறையில்தான் போனது. உங்களுக்கு எங்கே போனது? போகவே இல்லையென்றாலும் எழுதுங்கள். யாரோடு பார்த்தீர்கள், யாரோடு சண்டை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

* * *

சார், எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நீங்கள் சொன்ன அதே காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். சாஷாவின் அப்பா அந்த இடத்தில் 'உன்னை மன்னித்தேன்' என்று சொல்வதில்லை. பழைய பாவத்தையும் வெறுப்பையும் பெரியவர்கள் சுமக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். சுமப்பது வேறு, மன்னிப்பது வேறு. அடுத்த நிமிடமே கயா கத்தியோடு பாய்கிறாள். அம்மாவைத் தின்ற டைட்டனிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய அக்காவை இழந்த பிள்ளை வேறென்ன செய்வாள்? அப்புறம் அதே கயாவைக் கேபி டைட்டனிடமிருந்து காப்பாற்றும்போது கயா கண்ணுக்கு ஒரு கணம் சாஷா தெரிகிறாள். அந்த இடத்தில் நானும் அழுதேன். ஆனால் அது கயாவின் உரிமை, என்னுடையது இல்லை.

எனக்கும் என் அண்ணனுக்கும் வந்த சண்டை எரனின் நண்பன் ஆர்மினைப் பற்றியது. 2021 ஏப்ரலில் மூலச் சித்திரக் கதையான மாங்காவின் 139ஆம் அத்தியாயம் வந்த அன்று திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து இருவரும் ஒரே போனில் படித்தோம். உலகத்தில் எண்பது சதவீதம் பேரைக் கொன்ற எரனைப் பார்த்து, எங்களுக்காக இப்படி ஆனதற்கு நன்றி என்கிறான் ஆர்மின். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நண்பனைக் கடைசியாகப் பார்க்கிறவன் வேறென்ன சொல்வான் என்றான் அண்ணன். பேச்சு முற்றி, நீ கதையே புரியாமல் படிக்கிறாய் என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் இரண்டரை வருடம் இந்தத் தொடரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மற்றதெல்லாம் பேசுவோம், இதை மட்டும் தொடமாட்டோம்.

2023 நவம்பர் 5ஆம் தேதி கடைசிப் பாகம் வந்தது. அதில் அந்த வசனத்தையே மாற்றியிருந்தார்கள். ஆர்மின் நன்றி சொல்லி விலகி நிற்பதில்லை. சுவர்களுக்கு வெளியே இருக்கும் உலகத்தைப் பற்றி உனக்குப் புத்தகத்தில் காட்டி ஆசை மூட்டியவன் நான்தான், இதில் என் பங்கும் உண்டு, நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் சேர்ந்தே இருப்போம் என்று எரனிடம் சொல்கிறான். நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். முடிந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். “நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்டி” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. இருவரும் மிகாசா தனியாக அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

* * *

சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் ரிக்கிங், அதாவது பாத்திரங்கள் அசைய உள்ளே எலும்புக்கூடு பொருத்தும் வேலை, பார்க்கிறேன். மூன்று சீசன் செய்த விட் ஸ்டூடியோ விலகி, இறுதி சீசனை மாப்பா எடுத்தபோது எங்கள் ஃப்ளோரில் தினமும் இதே பேச்சுதான். விட் காலத்தில் பாத்திரங்களைச் சுற்றி ஓடிய தடித்த கோடு போய்விட்டது, டைட்டன்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்த உருவங்களாகிவிட்டன என்று நானும் புலம்பினேன். எங்கள் டீம் லீட் அக்கா ஒருநாள் மதிய இடைவேளையில் எரன் ஏவிய சுவர் டைட்டன்கள் உலகத்தை மிதித்துக்கொண்டு போகும் ரம்ப்ளிங் காட்சியை என் மானிட்டரில் ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டினார். “கால எண்ணு. ஒண்ணாவது தடுமாறுதா பாரு.” ஒன்றும் தடுமாறவில்லை. ஒரே உயரம், ஒரே நடை, கண்ணுக்கு எட்டிய வரை. எரன் டைட்டனாக மாறிச் சண்டை போடும்போது எனக்கு உறுத்திய அதே விறைப்பு, சுவர் டைட்டன்கள் நடக்கும்போது ரத்தத்தை உறைய வைத்தது. கையால் வரைந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் கை தெரிந்திருக்கும். அந்த அணிவகுப்புக்கு அது வேண்டாத விஷயம். லிபேரியோ சண்டையில் எனக்கு இன்னும் குறை உண்டு. ரம்ப்ளிங்கில் இல்லை.

* * *

ஃபுகுவோக்காவில் வேலை பார்க்கிறேன். இசயாமாவின் சொந்த ஊர் ஓய்ட்டா மாகாணத்தில் ஹிட்டா நகரத்தைச் சேர்ந்த ஓயாமா. அங்கே ஓர் அணை இருக்கிறது. அதன் அடியில் 2020இல் எரன், மிகாசா, ஆர்மின் மூவருக்கும் சிலை வைத்தார்கள். சின்ன வயது உருவங்கள். மூன்று பேரும் அந்த உயரமான கான்கிரீட் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் போனேன். அதுவரை நான் முழுக்க எரன் பக்கம், அவனுக்கு வேறு வழியே இல்லை என்று எல்லோரிடமும் வாதாடியவன். எனக்கு முன்னால் ஒரு ஜப்பானிய அம்மா தன் மகனைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனும் எரனைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தான். இவ்வளவு சின்னவனா என்று தோன்றியது. என் கருத்து மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதற்கப்புறம் வாதாட மட்டும் மனசு வரவில்லை.

* * *

வணக்கம். நான் டொரண்டோவில் இருக்கிறேன், பிறந்தது கிளிநொச்சி. ஆசிரியர் அண்ணா கேபியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எனக்குக் கேபியோடு கோபமே வந்ததில்லை. எனக்கு வேறொரு கதை.

இந்த மாங்காவின் முதல் அத்தியாயம் வந்தது 2009 செப்டம்பர். அப்போது எனக்குப் பதினொரு வயது. வவுனியாப் பக்கம் முள்ளுக்கம்பி வேலி போட்ட முகாமில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு றோட்டும் சில மரங்களும் தெரியும். சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஆர்மின் கேட்கும் காட்சிகளைப் பிற்காலத்தில் பார்த்தபோது எனக்கு அந்த மரங்கள்தான் ஞாபகம் வந்தன.

என்னோடு படித்த ஒரு தமிழ்ப் பெடியன் 'எரன் செய்தது சரி' என்று தன் படத்துக்குக் கீழே எழுதி வைத்திருந்தான். நல்ல பிள்ளை, கனடாவிலேயே பிறந்தவன். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது இதைப் பற்றிக் கதைத்தோம். அவனோடு நான் சண்டை பிடிக்கவில்லை. பதினொரு வயதில் எனக்கு அந்தச் சக்தி கிடைத்திருந்தால் நானும் சுவரை உடைத்து எல்லா டைட்டன்களையும் அனுப்பியிருப்பேன் என்று சொன்னேன். அது உண்மை. இரவில் படுத்துக்கொண்டு அப்படித்தான் நினைப்பேன், முழு உலகமும் நசுங்கிப் போகட்டும் என்று. அவன் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

2023 மார்ச்சில் வந்த பாகத்தை வீட்டில் அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், திரையை இடைக்கிடை பார்த்தார். ரம்ஸி வந்தான். யுத்தத்தில் வீடிழந்து கூடாரத்தில் இருக்கும் பெடியன், களவெடுத்து அடிவாங்கியபோது எரன் காப்பாற்றியவன். இவனையும் நான்தான் கொல்லப்போகிறேன் என்று தெரிந்து, அவனுக்கு முன்னால் அழுது மன்னிப்புக் கேட்கிறான் எரன். பிறகு ரம்ப்ளிங் அவனையும் அவன் தமையனையும் மிதித்துக்கொண்டு போகிறது. அதற்கும் நான் தாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மலை விளிம்பு. பின்னால் டைட்டன்கள், முன்னால் பள்ளம், நடுவில் சனம். ஒரு கைக்குழந்தையைத் தலைக்கு மேலாகக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கிறார்கள். யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா கீரையை வைத்துவிட்டார். “நந்திக்கடல் தண்ணிக்குள்ள உன்ர தம்பியையும் இப்பிடித்தான் ஆரோ ஒராள் வாங்கித் தலைக்கு மேல பிடிச்சவர். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது.”

அந்தக் கதையை அம்மா எங்களுக்கு அதற்கு முன் சொன்னதே இல்லை. தம்பிக்கு அப்போது ஏழு மாதம். உள் அறையில் கேம் விளையாடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

கடைசிப் பாகத்தில் பெயர்கள் ஓடும்போது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு எரனின் ஊரான அந்தத் தீவில் குண்டு விழுவதைக் காட்டுகிறார்கள். அப்படியென்றால் எரன் செய்ததெல்லாம் வீண்தானே என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கதை முடிந்ததும் சமாதானம் வந்து நிலைத்துவிட்டது என்று காட்டியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

* * *

அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். கேபியின் முகத்தைக் கிறுக்கிய என் டியூஷன் பையன் இன்னும் கடைசி இரண்டு பாகங்களைப் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். நீங்கள் எழுதியதை அவனிடம் காட்டலாமா?

* * *

காட்டுங்கள் அண்ணா. ஆனால் முதலில் அவன் பார்க்கட்டும், பிறகு இதைப் படிக்கட்டும். அந்த மலை விளிம்புக் காட்சி வரும்போது மட்டும் அவனைத் தனிய விடாதீர்கள். பக்கத்தில் இருங்கள்.