விபத்துக்குப் பிறகு கெட்ட கனவு: எழுதினால் குறையுமா?

கேள்வி:
விபத்தில் தப்பியவருக்குத் தினமும் அதே கனவு. நடந்ததை எழுதச் சொல்கிறார்கள். இரவில் எழுதினால் தூக்கம் இன்னும் கெடுகிறதே?

பதில் 1:
படுக்கும் முன் எழுதவே வேண்டாம், உடம்பு பதற்றமாகிவிடும். பகலில் 15–20 நிமிடம், தொடர்ந்து 3–4 நாள். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட முறையின் நிமிட, நாள் கணக்கும் ஏறக்குறைய இதுதான். நடந்ததோடு, அப்போது மனதில் ஓடியதையும் எழுத வேண்டும். பிழை திருத்தாதீர்கள். முடித்ததும் சற்று நேரம் மனம் கனக்கும், இயல்புதான். நாளுக்கு நாள் அதே வரிகள்தான் வருகின்றன என்றால் நிறுத்திவிடுங்கள், அது வெறும் அசைபோடல்.

பதில் 2:
கனவுக்குன்னே வேற வழி இருக்கு. கனவை விருப்பப்படி மாத்தி எழுதி, அந்தப் புதுக் கதையை மட்டும் பகல்ல 10–20 நிமிஷம் மனசுல ஓட்டிப் பார்க்கணும். ரொம்ப பயங்கரமான கனவை முதல்ல எடுக்காதீங்க, லேசானதுல ஆரம்பிங்க.

பதில் 3:
விபத்து நடந்து சில நாள்தான் என்றால் "எல்லாத்தையும் சொல்லு" என்று தோண்டாதீர்கள். உடனடியாக ஒரே அமர்வில் கொட்டவைப்பது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை.

பல கொடுமைகளைக் கடந்தவர்களுக்குக் கயிற்று முறை உண்டு: தரையில் வாழ்க்கையைக் குறிக்கும் கயிறு, அதன்மேல் நல்ல நிகழ்வுக்குப் பூ, கெட்டதற்குக் கல், பிறப்பிலிருந்து வரிசையாக. பிறகு ஒவ்வொரு கல்லாகச் சொல்ல வேண்டும், அமர்வுக்குச் சுமார் 90 நிமிடம். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் நிறுத்தினால் அப்படியே தங்கிவிடும். இறங்கும்வரை பேச வேண்டும். ஆகவே பயிற்சி பெற்றவர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.