பிப்பிங், ஜிப்பிங், லாக்டவுன்: 'கொத்து' என்ற வேரிலிருந்து சில சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கோழிமுட்டையை இன்குபேட்டரில் வைத்துப் பொரிப்பதில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச் சொற்கள் தேடிவருகிறோம். அவற்றில் இன்குபேட்டருக்கு அடைகாப்பான், முட்டைக்குள் காற்று நிற்கும் இடமான ஏர் செல்லுக்குக் காற்றறை என்று இரண்டும் ஏறத்தாழ முடிவாகிவிட்டன. எனக்கு மறுப்பு இல்லை. முட்டையை விளக்கொளியில் வைத்துப் பார்க்கும் கேண்ட்லிங்குக்கு 'மெழுகுவர்த்திச் சோதனை' மட்டும் வேண்டாம். இப்போது எல்லோரும் டார்ச்சில்தான் பார்க்கிறோம். 'ஒளிநோட்டம்' போதும். 7ஆம் நாள் கரு பிடித்த முட்டை எது, கூமுட்டை எது என்று நோட்டம் பார்ப்பதுதானே அது.

குஞ்சு பொரிவதற்கு முந்தைய கடைசி மூன்று நாட்களுக்கான சொற்களில்தான் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

> பிப்பிங் = ஓட்டுத்துளைப்பு

குஞ்சு அலகால் முட்டையை உள்ளிருந்து உடைக்கத் தொடங்குவதுதான் பிப்பிங். அதற்கு மேலே உள்ள சொல்லை முன்வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளியே நாம் முதலில் காண்பது பெரும்பாலும் துளையாக இருக்காது. ஓட்டில் ஒரு சிறு புடைப்பும் அதைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசலும் தெரியும், அவ்வளவுதான். துளையைத் தேடுபவர் அதைத் தவறவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிப்பிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஓட்டுத்துளைப்பு இரண்டாவதை மட்டும்தான் சொல்கிறது.

முதலில் நடப்பது ஓட்டுக்கு உள்ளே. 19, 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு தன் அலகால் உள்சவ்வைக் கிழித்து, அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அதுவரை ஓட்டை ஒட்டிய சவ்விலுள்ள ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் அதற்கு ஆக்சிஜன் கிடைத்துவந்தது. நுரையீரலால் மூச்சு விடுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் முட்டையைக் காதருகே வைத்தால் கீச்சொலி கேட்கும். ஓட்டில் விரிசல் விழுவது அதற்குப் பல மணி நேரம் கழித்து. அப்புறமும் குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் அது சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உள்ளே ரத்தம் சவ்விலிருந்து உடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

நான் முதன்முதலில் முட்டை வைத்த ஈட்டில் இது எனக்குத் தெரியாது. விரிசல் கண்டு ஆறு மணி நேரம் ஆகியும் அசைவில்லையே, குஞ்சு சிக்கிக்கொண்டது என்று பயந்து ஓட்டை நகத்தால் உரித்தேன். சவ்வில் ரத்தம் கசிந்தது. குஞ்சு பிழைக்கவில்லை. 'இது இரண்டாம் கட்டம், மூன்றாவது இன்னும் வரவில்லை' என்று எனக்குச் சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன். அதனால்தான் இந்தச் சொற்களுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

என் முன்மொழிவு இது. உள்சவ்வைக் கிழிப்பது உட்கொத்து. ஓட்டில் விரிசல் விழுவது வெளிக்கொத்து. பிறகு குஞ்சு உள்ளேயே மெல்லத் திரும்பியபடி ஓட்டை வளையமாக உடைத்துக்கொண்டு வருவது, அதாவது ஜிப்பிங், சுற்றுக்கொத்து. மூன்றும் ஒரே வேரில் நிற்பதால் வரிசை மனத்தில் தங்கும். குறுகிய முனையில் விரிசல் விழுந்தால் 'முனைமாறிய கொத்து' என்று நீட்டிக்கொள்ளலாம்.

> கொத்து என்றால் பூங்கொத்து, சாவிக்கொத்து என்றல்லவா நினைவு வரும்? மேலும் குஞ்சு கொத்துவதில்லை, முட்டுகிறது.

'கொத்து' பற்றி வந்த கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு விடை எளிது. மரங்கொத்தி என்றால் யாரும் மரக்கட்டு என்று நினைப்பதில்லை. முன்னொட்டே பொருளைக் காட்டிவிடும். இரண்டாவது நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, கழுத்தை எக்கி எக்கித் தள்ளுகிறது என்பது உண்மை. கோழி தரையில் தானியம் கொத்துவதுபோல அல்ல. அசைவை மட்டும் பார்த்தால் 'முட்டு' இன்னும் பொருத்தம். ஆனால் 'வெளிமுட்டு' என்று எழுதினால் பாதிப் பேர் 'வெளிமுட்டை' என்று படித்துவிடுவார்கள். பேச்சில் இன்னும் குழப்பம். ஓட்டில் படுவது அலகின் நுனி என்பதால் 'கொத்து' பொய்யாகவும் போகாது.

அந்த நுனியில் இருக்கும் வெண்மையான கூர்ப்பகுதிக்கு முட்டைப்பல் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அது பல்லே இல்லை, பொரித்த சில நாட்களில் உதிர்ந்துவிடும். சேவல் காலில் இருப்பதை முள் என்கிறோம். அப்படியே இதை அலகுமுள் என்றால் என்ன?

சரி, லாக்டவுன். 'ஊரடங்கு' என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றி, மூடியைச் சாத்திவிடுகிறோம். வெளிக்கொத்து விழுந்த பிறகு மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகிக்கொள்ளும். ஆகவே திறக்கக் கூடாது என்பதே அந்த நாட்களின் ஒரே விதி. செல்லாக்காசு, ஓயாமழைபோல திறவாக்காலம் என்று வைக்கலாம். விதி சொல்லிலேயே இருக்கிறது.

குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன்: "18ஆம் நாள் காலை திறவாக்காலம் தொடக்கம். 20ஆம் நாள் காலை மூன்று முட்டைகளில் உட்கொத்து, ஒலி கேட்டது. இரவு வெளிக்கொத்து. மறுநாள் பிற்பகல் சுற்றுக்கொத்து." எழுதும்போது எங்கும் தடுக்கவில்லை. 'சுற்றுக்கொத்து' மட்டும் வாயில் சற்று கனக்கிறது. அதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம். உள், வெளி இரண்டையும் தயவுசெய்து ஒரே சொல்லாக்கிவிட வேண்டாம்.