‘பட்டாமணியார் வீடு’ என்ற பேரை வைத்துப் பூட்டனைத் தேடலாமா?

வெட்டாறு:
கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். ஊரில் ‘பட்டாமணியார் வீடு’ என்றால்தான் தெரியும். தாத்தா பேருக்கு மேலே ஒன்றும் இல்லை. எங்கே தொடங்குவது?

அரசலாறு:
பட்டத்திலிருந்தே. பட்டாமணியம் என்பது ஊர் வரி வசூலைப் பார்த்த மணியக்காரர் வேலை. அந்தக் காலத்தில் அது சர்க்கார் உத்தியோகம், அதுவும் பரம்பரை. 1895ஆம் வருஷச் சட்டப்படி மணியக்காரர் இறந்தால் அடுத்த வாரிசைப் பதிய வேண்டியிருந்தது. பங்காளிகள் சண்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது, வம்சாவளியே மனுவில் கிடக்கும். கலெக்டர் அலுவலகப் பதிவறையில் கேளுங்கள், இல்லாவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகம். ஊர், பழைய வட்டம், பசலி (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) மூன்றும் கையில் இருக்கட்டும்.

குடமுருட்டி:
அவசரப்படாதீங்க ஐயா. பட்டம் ஆளை விட்டு வீட்டில் ஒட்டிக்கொள்ளும். வாரிசு மைனர் என்றால் அவன் பேரைப் பதிந்துவிட்டு வேறொருவரை வேலை பார்க்க வைப்பார்கள். அந்தப் பதில் மணியம் பார்த்தவர் வீட்டுக்கும் அதே பேர்தான். வீட்டோடு மாப்பிள்ளைக்கும் அப்படியே. 1960இல் உச்ச நீதிமன்றம் பிறப்புரிமை செல்லாது என்றது, 1980இல் பதவியே ஒழிந்தது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ‘கடைசி மணியக்காரர்’ இந்த இருபது வருஷத்தில் வந்தவராகவும் இருக்கலாம்.

நிலத்தைப் பிடியுங்கள். இன்றைய பட்டா எண்ணிலிருந்து ‘அ’ பதிவேடு, அதாவது ஊர் நிலக் கணக்கு. அதில் பழைய சர்வே எண் கிடைக்கும். அதை வைத்துப் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பேர் பாருங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான், அதற்கு முன்பு கையால் தேடச் சொல்லி மனு கொடுக்கணும். உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும், வில்லங்கத்தில் வராது. எழுதியவர் இறந்துவிட்டால் யாரும் நகல் கேட்கலாம். இதைப் பலரும் கேட்பதே இல்லை.

அரசலாறு:
நிலம் மட்டும் போதுமா? பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற ஊர். ஒரே சர்வே எண்ணில் இரண்டு ‘சுப்பிரமணியன்’ வந்தால் தலைமுறையை எப்படிப் பிரிப்பீர்கள்? உத்தியோகக் காகிதத்தில் தகப்பன் பேரும் பதவியேற்ற வருஷமும் இருக்கும்.

குடமுருட்டி:
பத்திரத்திலும் ‘இன்னார் குமாரர்’ என்று எழுதியிருக்குமே. தகப்பன் பேரையும் சேர்த்துப் படித்தால் பிரிந்துவிடும். ஆனால் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், ‘பட்டாமணியார் நிலத்துக்கு மேற்கு’ என்று வந்தால் அது பக்கத்து நிலம், உங்கள் பூட்டன் அல்ல. பழைய பத்திரத்தை நகலெடுத்து எழுதும்போது செக்குபந்தியையும் அப்படியே எழுதிவிடுவார்கள், அந்த மணியக்காரர் செத்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும்.

வெட்டாறு:
பிறப்புப் பதிவேட்டில் பேர் தேடினால் எதுவும் வரவில்லையே?

அரசலாறு:
வராது. அந்தக் காலப் பதிவில் பெரும்பாலும் ‘ஆண்’, தகப்பன் பேர், தேதி, அவ்வளவுதான். தகப்பன் பேரை வைத்துத் தேடுங்கள். பழைய காகிதத்தில் வருஷம் பசலியில் இருந்தால், அதோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம், ஜூலை முதல் கணக்கு. பசலி 1310இன் ஜனவரிப் பத்திரம் 1901ஐச் சேரும், 1900ஐ அல்ல. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். ‘பிரபவ’ என்றிருந்தால் 1867ஆ, 1927ஆ என்று முத்திரைத்தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குடமுருட்டி:
இது சரி. ஆனாலும் வாரிசு மனுவில் வரும் வம்சாவளி வழக்குக்காக எழுதினது. மணியம் கேட்காத தம்பிகளையும் பெண் பிள்ளைகளையும் விட்டிருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

அரசலாறு:
பழைய பாகப் பத்திரத்திலும் பெண்கள் பேர் பெரும்பாலும் வராது, குடமுருட்டி சார்.