விண்டோஸ் 10 கணினியை இனியும் இணையத்தில் வைத்திருக்கலாமா?

கேள்வி

வணக்கம். 2017இல் வாங்கிய என் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருந்தும், ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று வருகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்றாலும், கணினி முன்போலவே ஓடுகிறது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை எடுக்கும் என் ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் மென்பொருள் வரவில்லை என்பதால் இதைக் கைவிட மனமில்லை. வங்கி வேலைகளும் இதில்தான். உண்மையில் ஆபத்து எவ்வளவு?

மறுமொழி 1

டிஃபெண்டர் செய்வது வேறு, பாதுகாப்புப் பேட்ச் செய்வது வேறு. முன்னது உள்ளே வரும் தீங்கான நிரலை அடையாளம் காண முயல்கிறது. பின்னதுதான் அது நுழையும் ஓட்டையை அடைக்கிறது. மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11க்குப் பேட்ச் வெளியானதும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு எந்த இடம் திருத்தப்பட்டது என்று தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான நிரல் ஏராளம் என்பதால், அங்கே அடைத்த ஓட்டை இங்கே திறந்தே கிடக்கிறது என்பது அவர்களுக்கு அப்படியே தெரிந்துவிடும். கணினி நன்றாக ஓடுவதை வைத்து இதை அளக்க முடியாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீங்கு நிரல் பரவியபோது, 2014இலேயே ஆதரவை முடித்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் வெளியிட நேர்ந்தது. அத்தகைய விதிவிலக்கை நம்பி வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வானாக்ரையிடம் பெருமளவில் சிக்கியவை எக்ஸ்பி அல்ல, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்; மார்ச் மாதமே வந்த பேட்சை அவற்றில் நிறுவாமல் விட்டிருந்தார்கள். ஆகவே, மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் பெற்றாலும், நிறுவி ரீஸ்டார்ட் செய்தால்தான் பலன். இது அவகாசம் மட்டுமே என்பதால், அதற்குள் வங்கி வேலையை வேறு கணினிக்கு மாற்றுங்கள். ஸ்கேனர் கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, படங்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். பழைய ஸ்கேனர்கள் பலவற்றை விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸில் உள்ள சேன் (SANE) என்ற ஸ்கேனர் மென்பொருள் அறியும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டைத் துவக்கி, எதையும் அழிக்காமல் சோதித்துப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மின்டைத் துவக்கிப் பார்த்தேன். ஸ்கேனரின் பெயர் பட்டியலில் வந்தது, காகிதமும் தெளிவாகப் பதிந்தது. ஆனால் நெகட்டிவுக்கான மேல்மூடி விளக்கு மட்டும் எரியவில்லை. எனவே நெகட்டிவ்கள் முடியும்வரை இந்தக் கணினியை இணையம் இல்லாமல் வைத்திருக்கப் போகிறேன். வங்கிக் கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றி, இதன் பிரவுசரில் சேமித்திருந்தவற்றை அழித்துவிட்டேன்.