கிஃபினுக்கு எத்தனை வருஷம் கொடுப்பது?

பயூபுலி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) புதிய ஹெட் கோச் லேன் கிஃபின். அவரிடம் எல்எஸ்யூ முதல் வருஷமே பிளேஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று, கேட்க வேண்டும். ஏழு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு ஏறக்குறைய 1.3 கோடி டாலர். முந்தைய கோச் பிரையன் கெல்லியை 2025 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பியதில் ஒப்பந்த பாக்கியே 5.4 கோடி டாலர் அளவுக்கு நிற்கிறது. இவ்வளவையும் கொட்டிவிட்டு "கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்" என்றால் யார் கேட்பார்கள்?

இந்த ஜனவரியில் போர்ட்டலில் அள்ளியதைப் பாருங்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சாம் லெவிட், 2024-இல் அரிசோனா ஸ்டேட்டைப் பிளேஆஃப் வரை கொண்டுபோனவர். கொலராடோவிலிருந்து, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் சீட்டன். கிஃபினின் பழைய வீடான ஓல் மிஸ்ஸிலிருந்தே (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) பிரின்ஸ்வில் உமன்மியெலன். இவர்கள் யாரும் பள்ளியை முடித்துவிட்டு நேற்று வந்த பையன்கள் இல்லை. கல்லூரி மைதானத்தில் அடித்து, அடிபட்டு, ஆடிக் காட்டியவர்கள்.

சேபன், மைல்ஸ், ஆர்ஜரான் என்று அடுத்தடுத்து மூன்று கோச்சுகள் பட்டம் வாங்கிக் கொடுத்த இடம் இது (2003, 2007, 2019). கெல்லிதான் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை வழக்கமாக்க வேண்டாம்.

நாற்காலிகோச்:
புலி அண்ணே, வரலாற்றில் வசதியான பக்கத்தை மட்டும் படிக்கிறீர்கள். சேபன் எல்எஸ்யூவுக்கு வந்த முதல் வருஷம், 2000-இல், சொந்த மைதானத்தில் யூஏபி என்ற சின்ன அணியிடம் 13-10 என்று தோற்றார். யூஏபி! அலபாமாவில் அவருடைய முதல் வருஷம் 2007. லூசியானா-மன்ரோ என்ற இன்னொரு சின்ன அணியிடம் தோற்று, 7-6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்தார். அன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பின்னால் வந்த ஆறு அலபாமா பட்டங்களும் இல்லை.

அப்புறம், போன வருஷம் கெல்லி மட்டும் என்ன வெறும் கையோடா வந்தார்? 2025-க்கு அவர் பிடித்த போர்ட்டல் கூட்டமும் பட்டியல்களின் உச்சியில்தான் இருந்தது. சீசன் 7-6 என்று முடிந்தது. போர்ட்டல் தரவரிசையைக் காட்டி எதிர்பார்ப்பை ஏற்றுவது போன வருஷமே பார்த்த படம்.

ஹூஸ்டன்காரன்:
நாங்கள் டெக்சஸ் ஏ&எம் ஆட்கள் இந்தப் படத்தை இன்னும் பெரிய திரையில் பார்த்திருக்கிறோம். 2022-இல் எங்கள் அன்றைய கோச் ஜிம்போ ஃபிஷர் பிடித்த பள்ளி வீரர்கள், ரெக்ரூட்டிங் தளங்கள் அதுவரை மதிப்பிட்டதிலேயே உயர்ந்த கூட்டம். ஐந்து நட்சத்திரம் கொத்துக் கொத்தாக. அந்த வருஷமே அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் வீட்டிலேயே 17-14 தோல்வி, சீசன் 5-7. அடுத்த வருஷம் நவம்பரில் அவரை அனுப்ப 7.6 கோடி டாலர் அளவுக்குப் பாக்கி.

இன்னொரு வேடிக்கை. ஃபிஷரை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்த விளையாட்டுத் துறைத் தலைவர் ஸ்காட் வுட்வர்டுதான் பிறகு உங்கள் ஊருக்கு வந்து கெல்லியைப் பிடித்தார். கெல்லி போனதும் லூசியானா ஆளுநரே மைக் முன்னால் நின்று "அடுத்த கோச்சை வுட்வர்டு தேர்ந்தெடுக்கப் போவதில்லை" என்றாரே, நினைவிருக்கிறதா? அடுத்த நாளே வுட்வர்டும் காலி. ஒரு மாநில ஆளுநர் கால்பந்து கோச் நியமனத்தில் இறங்குகிற ஊரில், கிஃபினுக்கு மூன்று வருஷம் அவகாசம் கிடைக்கும் என்று பேசுவதே வீண்.

கெல்லியை வழியனுப்பிய அந்த 49-25 ஆட்டம் எங்கள் கைங்கரியம் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பயூபுலி:
பணிவு இருக்கட்டும். 11-0 என்று போய்க்கொண்டிருந்து டெக்சஸிடம் தோற்று, பிளேஆஃப் முதல் சுற்றில் மயாமியிடம் சொந்த வீட்டில் 10-3 தோற்றவர்களுக்கு அது அழகுதான்.

புதிதாகவந்தவன்:
எல்லோருக்கும் வணக்கம். என் பையன் இந்த ஆகஸ்டில் எல்எஸ்யூவில் சேர்கிறான். அதனால்தான் எட்டிப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த கால்பந்து வேறு. போர்ட்டல், நட்சத்திரம் என்கிறீர்கள். யாராவது இரண்டு வரியில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சிவப்புநீலம்:
வாருங்கள் ஐயா. நான் ஓல் மிஸ் பக்கம். மிசிசிப்பியில் படித்தவள். இங்கே எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

பள்ளியில் ஆடுகிற பையன்களுக்குச் சில இணையதளங்கள் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும். கோச்சுகள் அவர்கள் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவிடம் பேசி, டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இதுதான் பழைய வழி. போர்ட்டல் என்பது ஏற்கெனவே ஒரு கல்லூரியில் ஆடுகிறவர் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுக்கும் இடம். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறைக்கு அந்தத் தடை போனது, 2024-இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2021-இலேயே பெயர், படம் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் வழி விட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரும்பங்கு இந்தக் கால்பந்துக்குத்தான் போகிறது.

ஆக இன்றைய ஹெட் கோச்சுக்குப் பையன்களைப் பிடிக்கும் வேலையும் உண்டு, பிடித்தவர்களைத் தக்கவைக்கும் வேலையும் உண்டு. கிஃபின் முதலாவதில் கெட்டிக்காரர். இரண்டாவதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் இருக்கிறது. அது அப்புறம்.

பயூபுலி:
நாற்காலிகோச் தம்பி, சேபன் 2000-இலும் 2007-இலும் தடுமாறினார் என்கிறாய். அப்போது போர்ட்டல் எங்கே இருந்தது? முந்தைய கோச் விட்டுப்போன பையன்களை வைத்து ஆட வேண்டியிருந்தது. பொறுமை அன்றைக்குக் கட்டாயம். இன்றைக்கு ஒரே குளிர்காலத்தில் பாதி அணியை மாற்றலாம்.

இந்தியானாவைப் பார். கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டத்தில் தோல்விக் கணக்கில் முதலிடத்தில் இருந்த அணி. 2023-இல் 3-9. கர்ட் சிக்னெட்டி வந்தார். முதல் வருஷமே 11-2, பிளேஆஃப். இரண்டாவது வருஷம் 16-0, தேசியப் பட்டம். நடுவில் பிளேஆஃப் ஆட்டமான ரோஸ் போலில் அலபாமாவை 38-3 என்று உரித்தார்கள். வருஷத்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து போர்ட்டல் வழியாக வந்தவர். அணியில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரப் பையன்கள் இல்லாமல் பட்டம் கிடைக்காது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்களே, அந்தக் கணக்கையே கிழித்துப் போட்டார்கள். இந்தியானாவுக்கு முடிந்தது எல்எஸ்யூவின் ஊரான பேட்டன்ரூஜுக்கு ஏன் முடியாது?

நாற்காலிகோச்:
நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது, அண்ணே. சிக்னெட்டி நட்சத்திரம் பார்த்துப் பிடிக்கவில்லை. முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து 13 பேரைக் கூடவே கூட்டி வந்தார். அவர்களுக்கு அவருடைய பயிற்சி தெரியும், கோபம் தெரியும், ஒருவரை ஒருவர் தெரியும். புது ஊர், பழைய ஆட்கள். கிஃபின் கூட்டியிருப்பது பெரும்பாலும் வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வந்த அந்நியர்களை. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்த மாதிரி, எல்லாம் பளபளப்பாக இருக்கும், மூடி மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஒஃபென்சிவ் லைனை, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேரை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் இரண்டு தடுப்பு வீரர்கள் பந்து நகர்ந்த மறுகணம் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறி ஓடி வருவார்கள். நம் டேக்கிள் தன் ஆளைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது. தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பக்கத்திலுள்ள கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே சுற்றி வருகிற இன்னொருவனை எடுக்க வேண்டும். இதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது, கத்திச் சொல்லவும் முடியாது. பக்கத்தில் நிற்பவன் எப்போது கையை விடுவான் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து ஆடி ஆடித்தான் அது வரும்.

2025-இல் எல்எஸ்யூ விழுந்ததற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். முந்தைய வருஷ லைனிலிருந்து நான்கு பேரைத் தொழில்முறை லீகான என்எஃப்எல் எடுத்துக்கொண்டது. அதில் வில் கேம்ப்பெல், நாடு முழுவதிலும் அந்த வருஷம் நான்காவதாகத் தேர்வானவர். மன்ரோவில் பள்ளி முடித்து நேராக எல்எஸ்யூ வந்த லூசியானாப் பையன். அவர் இடத்தில் நிற்க ஆள் வளரவில்லை. அந்த ஓட்டையைப் பணத்தால் ஒரே குளிர்காலத்தில் அடைக்க முடியாது. சீட்டன் பிரமாதமான ஆள்தான், ஆனால் அவர் ஒருவர்.

சிவப்புநீலம்:
நான் சொல்ல வந்தது இதோ. கிஃபினின் கண்ணைக் குறை சொல்ல மாட்டேன். டிரினிடாட் சாம்ப்ளிஸ் என்று ஒரு பையன், இரண்டாம் டிவிஷனில் ஃபெரிஸ் ஸ்டேட்டில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய கல்லூரிகள் திரும்பிக்கூடப் பார்க்காத ஆள். அவரைக் கூட்டி வந்து எங்களை 11-1 வரை கொண்டுபோனது கிஃபின்தான். ஆறு சீசனில் 55 வெற்றி. ஓல் மிஸ்ஸில் அது திருவிழா. பேட்டன்ரூஜில் அதே கணக்கு வெறும் கடமை. அந்த வித்தியாசத்தை அவர் இன்னும் அனுபவித்ததில்லை. 2024-இல் எங்களிடம் பெரிய செலவில் சேர்த்த அணி இருந்தது, எதிர்பார்ப்பும் இருந்தது. கென்டக்கியிடம் சொந்த வீட்டில் 20-17 தோல்வி, நவம்பரில் ஃப்ளோரிடாவிடம் தோல்வி, பிளேஆஃப் கை நழுவியது. ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டங்களில் அவர் எப்படி என்பதற்கு அந்த வருஷத்தைப் பாருங்கள்.

அதைவிட, 2025 நவம்பர் 30. வரலாற்றிலேயே எங்கள் முதல் பிளேஆஃப் வாசலில் நிற்கிறோம், மனிதர் விமானம் ஏறிவிட்டார். 2010 ஜனவரியில் டென்னஸியை ஒரே சீசனில் விட்டுவிட்டு யூஎஸ்சிக்கு ஓடியவர்தானே. நாளைக்கு ஒரு பையன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து "உங்கள் மகனுக்கு மூன்று வருஷமும் நான் இருப்பேன்" என்று அவர் சொன்னால், அந்த அம்மா என்ன நினைப்பார்?

பின்குறிப்பு: அவர் இல்லாமலே பீட் கோல்டிங் தலைமையில் துலேனையும் ஜார்ஜியாவையும் அடித்து அரையிறுதி வரை போனோம்.

பயூபுலி:
அந்த பிளேஆஃப் ஆட்டங்களில் உங்கள் ஒஃபென்ஸை (தாக்குதல் ஆட்டத்தை) நடத்தியவர் சார்லி வைஸ் ஜூனியர். எல்எஸ்யூவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களுக்காகத் திரும்பி வந்து வேலை பார்த்தவர். அவரை அனுப்பியதற்கு ஒரு நன்றியாவது சொல்லலாம், அம்மணி.

விட்டுப்போனார் என்ற புகாரையும் கேட்டுச் சலித்துவிட்டது. வீரர்கள் வருஷா வருஷம் மாறலாம், கோச் மட்டும் கர்ணன் மாதிரி செஞ்சோற்றுக் கடன் தீர்க்க வேண்டுமா? பையன் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். ஐந்து நட்சத்திர லைன்மேன் லாமர் பிரவுன் படித்த பள்ளி எல்எஸ்யூ வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கோச் மாறிய அந்தக் களேபரத்திலும் அவர் வேறெங்கும் போகவில்லை, இங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நாற்காலிகோச்:
அது கிஃபினின் சாதனையா? நவம்பர் 30 வந்தார். டிசம்பர் 3 கையெழுத்து நாள். நடுவில் மூன்றே நாள். அந்தப் பள்ளிக் கூட்டத்தைப் பல மாதம் அலைந்து பிடித்தவர்கள் பழைய கோச்சுகள். கிஃபின் செய்தது சிதறாமல் பார்த்துக்கொண்டது. அதுவும் பெரிய வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொந்தமாகப் பிடிக்கும் முதல் முழுப் பள்ளிக் கூட்டம் 2027-உடையது. அவரை எடைபோட வேண்டியது அதில்தான், ஜனவரிப் போர்ட்டலில் இல்லை. லூசியானாப் பையன்களை அலபாமாவும் டெக்சஸும் கொத்திக்கொண்டு போகாமல் வேலி கட்டியதால்தான் சேபனுக்கு 2003 கிடைத்தது.

2026-க்கு நான் கேட்பது 9-3. எல்எஸ்யூ ஆடும் எஸ்இசி லீகுக்குள்ளேயே 2026-இலிருந்து ஒன்பது ஆட்டம், முன்பு எட்டு. முதல் ஆட்டமே கிளெம்சன். 9-3 வந்தால் நான் கை தட்டுவேன்.

ஹூஸ்டன்காரன்:
கெல்லியின் கணக்கு 34-14. 10-4, 10-3, 9-4, பிறகு 5-3-இல் கதை முடிந்தது. தம்பி கை தட்டுகிற இந்த 9-3 கெல்லிக்குப் போதவில்லை. அவரைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறவருக்குப் போதுமா? உங்கள் இருவருக்கும் சண்டை கிஃபினைப் பற்றியே இல்லை. 1,02,321 பேர் உட்காருகிற மைதானத்தில் சனிக்கிழமை ராத்திரி எத்தனை பேர் புலி அண்ணன் மாதிரி, எத்தனை பேர் தம்பி மாதிரி என்பதுதான் விஷயம். நான் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தம்பி மாதிரி ஆட்கள் வாகன நிறுத்தத்தோடு சரி.

பயூபுலி:
முதல் தடவையாக ஏ&எம் ஆள் ஒருவர் சரியாகப் பேசிக் கேட்கிறேன்.

9-3 எனக்கு வேண்டாம். 10-2, பிளேஆஃப். காரணமும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அணி ஒரு வருஷத்து அணி. லெவிட்டெல்லாம் நிறைய வருஷம் இங்கே இருக்கப் போவதில்லை. பொறுமை வேண்டுமென்றால் பள்ளிப் பையன்களை வளர்த்திருக்க வேண்டும். கிளெம்சனில் டாபோ ஸ்வீனி ரொம்ப நாள் போர்ட்டலையே தொடாமல் அப்படித்தான் இருந்தார். போன வருஷம் தேசியத் தரவரிசையில் நாலாவது இடத்தில் ஆரம்பித்து 7-6 என்று முடித்தார், அவர் பாடு. கிஃபின் தேர்ந்தெடுத்தது குறுக்கு வழி. குறுக்கு வழியில் போகிறவர் தாமதமாக வந்தால் கேள்வி கேட்கத்தான் செய்வோம்.

சிவப்புநீலம்:
செப்டம்பரிலேயே எங்கள் ஓல் மிஸ் ஊரான ஆக்ஸ்ஃபோர்டு வருகிறீர்கள். கேள்வி கேட்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

புதிதாகவந்தவன்:
எல்லாவற்றையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான்: "அந்த லெவிட் போன சீசன் பாதியில் காலில் அடிபட்டு ஆபரேஷன் செய்துகொண்டாரே அப்பா, இப்போது கால் எப்படி இருக்கிறது என்று இவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே?"

பயூபுலி:
பையன் நல்லாப் படிப்பான் ஐயா. அதை மட்டும் இங்கே கிளறாமல் இருக்கச் சொல்லுங்கள்.